கேட்டைத் தாண்டாத மோர்

"எனக்கு ஒரு டம்ளர் மோர் வேணும்."

கடையும் கூடத்தில் நின்றுகொண்டு அவள் இதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பீப்பாய் சுழலும் இரைச்சலில் பாதி அமுங்கித்தான் போனது. ஆனாலும் பீப்பாய்க்காரர் விசையை அணைத்துவிட்டார். தரை கழுவிக்கொண்டிருந்த பெண்கள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்கள். முதலாளி மகள் வாயில் கெட்ட வார்த்தை வந்துவிட்ட மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கேட்டது நெய் இல்லை, சொத்தில் பங்கு இல்லை. வெண்ணெய் திரண்டபின் பீப்பாயின் அடியில் மிஞ்சுகிற மோர். வேறு எந்தப் பண்ணையிலும் அதை வாளி நிறையக் கொடுத்து, வாளியையும் நீயே வைத்துக்கொள் என்று அனுப்புவார்கள். இங்கே மட்டும் அது குழாய் வழியே நேராகப் பாய்லர் அறைக்குப் போகும். அங்கே நீராவி விட்டுக் கொதிக்கவைத்து, திரிந்து திப்பி திப்பியான பிறகுதான் சாக்கடையைப் பார்க்கும். வேலைக்காரர்கள் நாக்கில்கூட ஒரு சொட்டு விழாது. மோர் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் சட்டம். கேட்டில் ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருப்பார். வெளியே போகிறவர்களின் தூக்குவாளியைத் திறந்து முகர்ந்து பார்ப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. வெறுங்கையோடு திரும்பி வருகிறவனைப் பார்த்து, "என்னடா, நெய்ப்பண்ணைக்கு மோர் கேட்டுப் போனியா?" என்று கேட்பது அந்த வட்டாரத்தில் பழமொழியாகவே ஆகிப்போயிருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. அந்தப் பண்ணை நெய்யின் மணம் மூன்று தெருவுக்கு வரும். அந்த மணம் பாலில் இல்லை, க்ரீமைப் புளிக்கவைக்க ஊற்றுகிற உறைமோரில் இருந்தது. நெய்யை உருக்கும்போது அதிலுள்ள உயிர் எல்லாம் செத்துவிடும் என்பதால் டின்னிலிருந்து எவனும் அந்த உறையைத் திருட முடியாது. மோரிலிருந்து முடியும். ஒரு கரண்டி போதும். அதனால்தான் மோருக்குக் கொதிநீர் மரணம்.

உறைமோர் இருக்கும் சட்டி ஓர் அறையில் பூட்டியிருக்கும். சாவி வீட்டு மருமகளின் இடுப்பில் இருக்கும். மகள்கள் அந்த அறையின் நிலைப்படியைத் தாண்டக் கூடாது, மோர் என்று வாய்விட்டுக் கேட்கவும் கூடாது. மகள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள். அவள் போகிற இடத்துக்கு உறையும் போய்விடும். இதை அவளுக்கு நடக்கத் தெரியாத வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

டின்னுக்கு மூடி ஒட்டுகிற அறையிலிருந்து அப்பா வந்தார். யார் கேட்டது என்று அவர் விசாரிக்கவில்லை. அவள் அதற்குள் பீப்பாயின் வாயில் டம்ளரைப் பிடித்து நிரப்பியிருந்தாள். அதை அவள் கையிலிருந்து வாங்கித் தரையில் கவிழ்த்தார். குழாயைத் திறந்து தானே கழுவிவிட்டார். டம்ளரையும் அலசி அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"குடிக்கக் கேக்கலப்பா. பரிசோதனைக்கு."

"எதுக்கா இருந்தாலும் சரி."

"நெய் மணக்கலன்னு டின் டின்னா திரும்பி வருது. உறை உயிரோட இருக்கா செத்துப்போச்சான்னு பாக்க வேணாமா?"

"அதெல்லாம் மழை. க்ரீம் தண்ணியா வருது. வெயில் வந்தா மணம் தானா வந்துடும்," என்றார். பீப்பாய்க்காரரைப் பார்த்து ஓட்டச் சொன்னார். பீப்பாய் மறுபடியும் சுழன்றது.

அவளுக்குப் பண்ணையில் டிகிரி என்று பெயர். பாலின் கெட்டியை அளக்கிற குழலிலும் டிகிரி, இவளிடமும் டிகிரி, இரண்டையும் பாலில் முக்கினால் ஒன்றுதான் மிதக்கும் என்று பாய்லர்காரர் சொல்லிச் சிரிப்பார். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான். அப்பா அவளைப் பால் அறிவியல் படிக்க அனுப்பியதே, பரிசோதனைக் கூடத்துக்குப் பட்டம் வாங்கிய ஆள் ஒருவர் வேண்டும், இல்லாவிட்டால் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று அதிகாரிகள் நெருக்கியதால்தான். படித்து முடித்து வந்ததும் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினார். அவளை எங்கே மாட்டுவது என்றுதான் தெரியவில்லை. வருகிற பாலை முகர்ந்து பார்க்கலாம், கொழுப்பு அளக்கலாம், கையொப்பம் போடலாம். பண்ணை எதனால் பிழைக்கிறதோ அந்த அறைக்குள் மட்டும் போகக் கூடாது. பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறவள் பாத்திரத்தைத் தொடக் கூடாது என்கிற மாதிரி.

இதற்கு நடுவில் அப்பா இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார். புதிய டின்னில் பண்ணையின் வரலாற்றை அச்சடிக்க வேண்டும். "நீதான் படிச்சவ, நல்லா நாலு வரி எழுது" என்றார். எழுதத்தான் உட்கார்ந்தாள். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டாள்.

அப்பா சொன்ன கதை முன்கூடத்துப் படத்தில் இருந்தது. அவருடைய அப்பா சைக்கிளும் கேனுமாக நிற்கிற படம். ரயிலுக்குப் பால் ஏற்றிவிடுகிற கூலியாக இருந்தவர். ரயில் தாமதமாகிற நாளில் பால் புளித்துப்போகும், கொட்டிவிட்டு வா என்பார்கள். அவர் கொட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆடை எடுத்து, கடைந்து, உருக்கி, தெருத்தெருவாக விற்றார். கைச்சக்கரம் சுற்றிக் க்ரீம் பிரித்தார்கள். பிறகு பாய்லர் வந்தது, பீப்பாய் வந்தது, கேட் வந்தது. "புளிச்ச பாலுல பொழைச்ச வம்சம்மா நாம" என்று அப்பா முடிக்கும்போது குரல் தழுதழுக்கும்.

பாய்லர்காரருக்கு ஆவி என்று பட்டப்பெயர். எப்போதும் நீராவிக்குள் நிற்பவர், திடீரென்று முளைப்பவர். அவர் சொன்ன கதையில் இடி விழுந்தது. இடி விழுந்த மரத்தடியில் ஒரு சட்டி இருந்தது, அதில் உறைமோர் இருந்தது. அடுத்த நாள் கேட்டபோது மரம் போய் வழிப்போக்கன் வந்திருந்தான். அதற்கும் அடுத்த நாள் வழிப்போக்கனே பெண்ணாக மாறியிருந்தாள். நேற்று வேறு மாதிரி சொன்னீர்களே என்றால், "நேத்து பாய்லர்ல பிரஷர் கம்மிம்மா" என்பார்.

அம்மாவிடம் கேட்டாள். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க மாமியார் எனக்குக் குடுத்தாங்க. நான் உங்க அண்ணிக்குக் குடுத்தேன்."

"உங்க மாமியாருக்கு யார் குடுத்தது?"

"நான் கேக்கல."

"இத்தனை வருஷம் அந்த அறைக்குள்ளயே இருந்திருக்கீங்க. ஒருநாளாவது தோணலையா?"

"தோணுச்சு. கேட்டா சாவியை வாங்கிட்டாங்கன்னா?" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது வெங்காயத்தால்தான்.

அவளுக்கு அந்தக் கேள்வி தலையில் பேன் புகுந்த மாதிரி ஊறிக்கொண்டே இருந்தது. தானாகப் புளித்த பாலில் அந்த மணம் வராது. அவள் படித்த படிப்புக்கு இந்த ஒன்றாவது நிச்சயமாகத் தெரியும். தானாகப் புளித்தால் ஒருநாள் ஒரு மாதிரி இருக்கும், மறுநாள் வேறு மாதிரி நாறும். இத்தனை காலம் ஒரே மணம் மாறாமல் நின்றிருக்கிறது என்றால், எங்கிருந்தோ, யாரோ, ஏற்கெனவே பழகிய ஓர் உறையைக் கொண்டுவந்திருக்க வேண்டும். யார்? ரயிலடிக் கூலிக்கு அதை யார் கொடுத்திருப்பார்கள்?

ஆனால் அதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது: அது செத்துவிட்டதா? செத்ததென்றால் எப்படி? அப்பா மழை என்று நம்பினார். வெயில் வரும்வரை காத்திருந்தால் கடைக்காரர்கள் வேறு நெய்க்குப் போய்விடுவார்கள். ஒரு தடவை போன நாக்கு திரும்பி வராது.

மறுநாள் அண்ணியைப் பின்கட்டுக் குழாயடியில் பிடித்தாள். அண்ணிக்கு இவளைவிட ஒரு வயது கூடுதல். சாவி வந்த நாளிலிருந்து இடுப்பில் கை வைத்தபடியே நடப்பவள். அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மணம் போனதிலிருந்து வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவளைத் தின்றது.

"அண்ணி, நீங்க எப்படி உறை ஊத்துறீங்க?"

"சொல்லக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"சொல்லவே வேணாம். ஒரு வார்த்தை பேசாதீங்க. இந்த வாளியில தண்ணி இருக்கு, அடுப்புல வெந்நீர் இருக்கு. உள்ள என்ன செய்வீங்களோ அதைத் தண்ணியில செஞ்சு காட்டுங்க. தண்ணியில செய்யக் கூடாதுன்னு சட்டம் இல்லையே?"

அண்ணி யோசித்தாள். சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லைதான். சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு, உள்ளே போகும்போது செய்கிற மாதிரியே, கொக்கியில் தொங்கிய கனத்த ரப்பர் கையுறையை எடுத்து முழங்கைவரை மாட்டிக்கொண்டாள். வாளியில் வெந்நீரை ஊற்றினாள். சுண்டுவிரலை விட்டாள். தலையாட்டினாள், இன்னும் ஊற்றினாள். மறுபடியும் விரலை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு விட்டு, போதும் என்று சைகை செய்தாள். அந்த முகத்தில் அவ்வளவு கவனம்.

இவள் தன் வெறுங்கையை வாளிக்குள் விட்டாள். விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டாள்.

"என்ன?" என்றாள் அண்ணி.

"கையை எடுத்துட்டுப் பாருங்க."

அண்ணி கையுறையைக் கழற்றினாள். விரலை விட்டாள். அவள் முகம் வெளுத்தது.

"அத்தை சொன்னாங்க, பால் இதமா இருக்கணும், குழந்தையைக் குளிப்பாட்டற சூடுன்னு... எனக்கு இதமாத்தான் இருந்துச்சு."

"கிளவுஸுக்கு இதமா இருந்திருக்கு."

எல்லா அறையிலும் கையுறை போட்டுத்தான் ஆக வேண்டும் என்று மழைக்காலத் தொடக்கத்தில் உத்தரவு போட்டவள் இவள்தான். சுவரில் ஒட்டியதும் இவள்தான். உள்ளே விரலால்தான் சூடு பார்க்கிறார்கள் என்று இவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் நாளே ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். விரலை நம்புகிறவளுக்குக் கையுறையைக் கொடுத்தாயிற்று, வெப்பமானி வைத்திருக்கிறவளுக்குக் கதவைச் சாத்தியாயிற்று. நடுவில் பாவம் அந்த உறை வெந்து செத்திருந்தது. அவளுக்குத் தன்மேலும் கோபம், கதவின்மேலும் கோபம். எதன்மேல் அதிகம் என்று பிரித்துப் பார்க்க அப்போது நேரமில்லை.

அண்ணி குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்னை அனுப்பிடுவாங்களா?" என்று கேட்டாள்.

"அனுப்பினா நானும் உங்ககூட வரேன். எழுந்திரிங்க."

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அவள் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். தான் ஒட்டிய உத்தரவைத்தான் முதலில் சொன்னாள். அண்ணியின் பெயரை எடுத்ததும் அண்ணன் தட்டிலிருந்து கையை எடுத்தான். உடனே இவள், "சூடு பாக்கச் சொல்லிக் குடுத்தாங்க, கிளவுஸ் போடச் சொன்னது நான், ரெண்டையும் சேத்துப் பாக்க ஆள் இல்லாமப் பண்ணது இந்த வீடு" என்றாள். அப்பா மென்றுகொண்டே இருந்தார். சரி, பழைய உறையில் மீதம் எங்கே என்று கேட்டார்.

மீதம் எங்கே இருக்கும்? எந்தப் பண்ணையிலும் இன்னொரு சட்டியில், இன்னொரு வீட்டில், கைகாவலாகக் கொஞ்சம் வைத்திருப்பார்கள். இங்கே இரண்டாவது சட்டி என்றாலே திருட்டு. நேற்றைய உறையைக் க்ரீமில் ஊற்றியாயிற்று, க்ரீம் மோராயிற்று, மோர் கொதிக்கக் கொதிக்கச் சாக்கடையில் போயிற்று. திருடனுக்குப் பயந்து வீட்டையே கொளுத்தியவன் கதை.

"அப்போ அவ்வளவுதானா?" என்றான் அண்ணன்.

மழை தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. குழம்புக் கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாதான் சொன்னாள், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"சைக்கிள் கடையில தினம் தயிர் தோய்க்கிறாங்களாம்."

அப்பாவின் தாடை நின்றது.

சைக்கிள் கடை என்றால் அந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான். அப்பாவின் தங்கை. கல்யாணமாகிப் போன கையோடு மோரைத் திருடிக்கொண்டு போனவள் என்று கேட்டுக்குள் வர விடாமல் ஆக்கப்பட்டவள். அவள் பெயரைச் சொல்ல மாட்டார்கள், கடையைச் சொல்வார்கள். இவள் அந்த அத்தையைச் சின்ன வயதில் ஒரு தடவை, சாலையின் எதிர்ப்பக்கம் பார்த்திருக்கிறாள்.

அப்பா எழுந்து கை கழுவப் போனார். குழாயடியிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "நான் யாரையும் எங்கயும் போகச் சொல்லல."

அந்த வீட்டு மொழியில் போ என்று அர்த்தம்.

சைக்கிள் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஈரமான சந்தில் இருந்தது. மேலே டயர்கள் தொங்கின. கீழே, கவிழ்த்துப்போட்ட சைக்கிளுக்குப் பக்கத்தில், முழங்கைவரை கிரீஸோடு ஒரு பெண் உட்கார்ந்து டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தாள். மாமா தவறிப்போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. கடையை மூடிவிடு என்றவர்களுக்கெல்லாம் அத்தை பஞ்சர் ஒட்டி அனுப்பியிருந்தாள். இவளை நிமிர்ந்து பார்த்தாள். மூக்கைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். அந்தக் குடும்பத்து மூக்கு அப்படி.

"என்ன, அண்ணனுக்கு நெய் மணக்கலன்னதும் தங்கச்சி மணக்குதாமா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"பஸ் ஸ்டாண்டுல இருக்கேன். எனக்குத் தெரியாம யாரு மணக்கறது, யாரு நாறுறது?"

இவள் வந்த விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அத்தை குமிழியைக் கண்டுபிடித்து அந்த இடத்தை விரலால் அமுக்கிக்கொண்டாள். வெப்பத்தால் செத்த கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அண்ணியைப் பற்றித்தான் விசாரித்தாள், அந்தப் பெண் சாப்பிட்டாளா என்று. பிறகு உள்ளே போய்க் கிரீஸ் போகச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். நகக்கண் வரை தேய்த்தாள். ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்து மூடியை நீக்கினாள்.

மணம் வந்தது. டயர் நாற்றத்தையும் கிரீஸையும் மழையையும் தள்ளிக்கொண்டு வந்தது. இவள் அந்த மணத்தை உருக்கிய நெய்யில்தான் அறிவாள். அதன் மூலத்தின்மேல் இப்போதுதான் முதல் தடவையாகக் குனிந்தாள். முதலாளியின் மகள், பட்டம் வாங்கியவள், தன் வீட்டு உறையை ஒரு பஞ்சர் கடையில்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"அப்போ திருடினது நிஜம்தானா அத்தை?"

"பின்ன? பீப்பாயடியில கைக்குட்டையை நனைச்சேன். மோர்ல நனைச்ச துணியை நிழல்ல உலர்த்தி வச்சா உறை சாகாது, தூங்கும். பால்ல போட்டா முழிச்சுக்கும். கேட்டுல தூக்குவாளியைத்தான் மோந்து பாப்பான். கைக்குட்டையை எவன் மோந்து பாக்கப்போறான்?"

"துணியில கொண்டுபோகலாம்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அத்தை இவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இவ்வளவு காலத்தில் யாரும் கேட்காத கேள்வி போல. திருடினாயா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்டதில்லை.

"எங்க அம்மா சொன்னாங்க. சொன்னாங்கன்னா எனக்குன்னு சொல்லல. காய்ச்சல்ல கிடந்தப்போ புலம்பிக்கிட்டு இருந்தாங்க. கல்யாணமாகி வரப்போ அவங்க அம்மா தலை துவட்டற துணியை மோர்ல நனைச்சு, உலர்த்தி, மடிச்சுப் பெட்டிக்கு அடியில வச்சு விட்டாங்களாம். அதுதான் நம்ம பண்ணை."

"அப்போ அந்த ரயிலு, புளிச்ச பாலு..."

"பால் அப்பாவோடது. மணம் அம்மாவோடது. படம் மாட்டறப்போ சைக்கிளை மாட்டலாம், துணியை எப்படி மாட்டறது?"

இவளுக்குத் தலையில் ஊறிக்கொண்டிருந்த பேன் பிடிபட்டுவிட்டது. ஆனால் பிடிபட்ட கையில் இன்னொன்று ஊர்ந்தது.

"பொண்ணுங்க உள்ள போகக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு அத்தை? எங்க அப்பாவா?"

"எங்க அம்மாதான்." அத்தை சட்டியை மூடினாள். "எடுத்துட்டு வந்தவளுக்குத்தானே தெரியும், எடுத்துட்டுப் போவாங்கன்னு."

மழை வலுத்தது. ஒருவன் வந்து சைக்கிள் ரெடியா என்று கேட்டான். அத்தை அவனைத் திட்டி அனுப்பினாள். பிறகு டயரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"நான் அந்தக் கைக்குட்டையைக் கொடியில காயப்போட்டிருந்தேன். மத்தத் துணிங்களுக்கு நடுவுல. அம்மா துணி எடுக்க வந்தாங்க. எல்லாத்தையும் எடுத்தாங்க. இதைக் கையில பிடிச்சாங்க. மோந்து பாத்தாங்க. நான் செத்தேன்னு நெனச்சேன். அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? திருப்பிப் போட்டாங்க. அந்தப் பக்கம் ஈரம் போகலயாம். போட்டுட்டு உள்ள போயிட்டாங்க. அப்புறம் ஊரே என்னைத் திருடின்னு சொன்னப்போ, அவங்களும்தான் சொன்னாங்க."

இவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

"எனக்குக் குடுப்பீங்களா?"

"உங்க அப்பாவுக்குக் குடுக்க மாட்டேன். உனக்குத் தரேன். நீ யாருக்குக் குடுக்கறியோ அது உன் பாடு." அத்தை வானத்தைப் பார்த்தாள். "இந்த மழையில துணியெல்லாம் காயாது. தூக்குவாளியிலயே எடுத்துட்டுப் போ."

பண்ணைக்குத் திரும்பி வந்தபோது வாட்ச்மேன் வாளியைத் திறக்கச் சொல்லவில்லை. உள்ளே வருகிற பாத்திரத்தை முகர்வது அவர் வேலை இல்லை. இத்தனை வருஷத்தில் வெளியேதான் போகும் என்று பயந்தார்களே தவிர, உள்ளே வரும் என்று யாரும் நினைத்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேலை. அண்ணி அறைக்குள் நின்றாள், இவள் நிலைப்படிக்கு இந்தப்பக்கம் நின்றாள். வெப்பமானியைக் கயிற்றில் கோத்து அண்ணியின் கழுத்தில் மாட்டிவிட்டாள். "விரலை நம்பாதீங்க, முள்ளை நம்புங்க." முதல் நாள் ஒரு சட்டி தோய்ந்தது. பிறகு அண்டா. க்ரீமில் ஊற்றி மூடினார்கள். நடுவில் ஒரு தடவை அண்ணி, யாரும் இல்லாத சமயம் பார்த்து, சாவியை எடுத்து நீட்டினாள். நீ உள்ளே வந்து பார், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள்.

"திருட்டுத்தனமா வேணாம் அண்ணி. ஒருத்தி அப்படிப் போனது போதும்."

இடையில் இன்னொரு தடவை சைக்கிள் கடைக்குப் போய்வந்தாள். உறை சரியாகப் பிடித்திருக்கிறது என்று சொல்லத்தான் என்று வீட்டில் சொன்னாள். போகும்போது தோளில் துணிமணி அடைத்த ஒரு பை இருந்தது, வரும்போது இல்லை. யாரும் கவனிக்கவில்லை.

வெண்ணெய் திரண்டு, கொப்பரையில் உருகி, நுரை அடங்கி, அடியில் கசடு பொன்னிறமாகத் தங்கியபோது மணம் எழுந்தது. முதலில் ஆவிதான் முகர்ந்தார். பாய்லர் அறையிலிருந்து ஓடிவந்து கொப்பரைக்கு முன்னால் மூக்கை விடைத்துக்கொண்டு நின்றார். மழைக்காலத்து ஈரக்காற்றில் அது தெருவுக்கு இறங்கியது. அப்பா ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

எல்லோரையும் முன்கூடத்துக்கு அழைத்தார். மழையிலும் குடும்பத்தை உறை கைவிடவில்லை என்றார். மருமகள் திறமைசாலி என்றார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு இவளைப் பார்த்துச் சிரித்தார். நிஜமாகவே பாசத்தோடுதான் சிரித்தார்.

"நீயும் கஷ்டப்பட்டம்மா. அந்தத் தூக்குவாளியில மீதி இருக்கும்ல, அதை ஆவிகிட்ட குடுத்துக் காய்ச்சிக் கொட்டிடு. அந்த டின் சமாச்சாரத்தையும் எழுதி முடிச்சுடு."

"எழுதிட்டேன்பா. சொல்லட்டுமா?"

"சொல்லு."

"ஒரு பொண்ணு அவங்க அம்மா வீட்டுலருந்து துணியில நனைச்சு உறையைக் கொண்டுவந்தா. அவ பொண்ணு அதையே நனைச்சு வெளிய கொண்டுபோனா. கொண்டுபோனதாலதான் இது இன்னைக்கு இருக்கு."

அப்பா சைக்கிள் படத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அவருக்கு இது புதிதாகத் தெரிந்ததா, பழையதா என்று அந்த முகத்திலிருந்து அவளால் படிக்க முடியவில்லை.

"இதை எப்படிம்மா டின்ல போடறது?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. நெய் வாங்குகிறவன் படிப்பானே என்கிற நிஜமான கவலையோடு.

"அப்போ வேற ஒண்ணு கேக்கறேன். அந்த அறைக்கு இன்னொரு சாவி எனக்கு. அத்தைக்குக் கேட் திறக்கணும். மோரைக் காய்ச்சாதீங்க, கேக்கறவங்களுக்குக் குடுங்க. நாலு வீட்டுல இருந்தா நாலு உயிர். ஒரு அறையில பூட்டி வச்சா ஒரு வாளி வெந்நீர் போதும். பாத்தீங்கல்ல?"

அம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். அவளைப் பக்கத்தில் வரச் சொன்னார். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"நீ நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ."

"அண்ணி நேத்து இன்னொரு வீட்டுல இருந்தவங்க."

"அது வேற."

"என்ன வேற?"

அப்பா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதை அவள் பார்த்தாள். பதில் கிடைக்காதபோது மனிதர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். பீப்பாயை ஏன் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கூடத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

பீப்பாய் சுழலத் தொடங்கியது. எல்லோரும் கலைந்தார்கள். அவள் கடையும் கூடத்துக்குப் போனாள். அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தாள், அப்பா அன்றைக்கு அலசிக் கொடுத்த அதே டம்ளர். பக்கத்தில் வெண்ணெய் திரண்டு நின்ற இன்னொரு பீப்பாயின் வாயில் பிடித்தாள். வெண்ணெய்த் துணுக்குகள் மிதக்க மோர் விளிம்புவரை வந்து நின்றது. பீப்பாய்க்காரர் பார்த்தார். இந்தத் தடவை விசையை அணைக்கவில்லை. வேறு பக்கம் திரும்பி, ஒழுகாத ஒரு குழாயை இறுக்கத் தொடங்கினார்.

டம்ளரை அவள் மூடவில்லை. கைக்குட்டையில் மறைக்கவில்லை. தளும்பாமல் இருக்க மெதுவாக, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். தூறல் அதில் விழுந்தது. சன்னலில் அப்பா நிற்கிறார் என்று தெரியும். அண்ணி இடுப்பில் கை வைத்தபடி வாசலில் நிற்கிறாள் என்றும் தெரியும். திரும்பிப் பார்த்தால் மோர் சிந்திவிடும்.

கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நின்றார்.

"என்னம்மா கையில?"

"மோர்."

அவர் இத்தனை வருஷமாக எல்லாப் பாத்திரங்களிலும் தேடிக்கொண்டிருந்த சாமான் அது. கேட்டு வாங்காமலே எதிரில் வந்து நிற்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிப் போட்டுக்கொண்டார்.

"குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"எங்க குடிச்சேன்மா... மோந்ததுதான்."

அவள் டம்ளரை நீட்டினாள். அவர் உள்ளே ஒரு பார்வை பார்த்தார். வெளியே ஒரு பார்வை பார்த்தார். வாங்கி ஒரு வாய் குடித்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"கொஞ்சம் உப்புப் போட்டா நல்லா இருக்கும்," என்றார்.

டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தாழ்ப்பாளை இழுத்துக் கேட்டை அகலமாகத் திறந்தார். அவள் தெருவில் இறங்கி, பேருந்து நிலையம் இருக்கும் பக்கமாக நடந்தாள்.